கோப்பைக் காட்டுங்கள், இல்லையேல் காரணத்தை எழுதித் தாருங்கள்

மதிப்பிற்குரிய நீதிமன்ற ஆவண அலுவலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முடிந்த வழக்குகளின் கோப்புகளை என் ஆய்வுக்காகப் பார்க்க அனுமதி கேட்டு, சென்ற வியாழக்கிழமை நான்காம் முறையாக உங்கள் கவுண்டரில் நின்றேன். ரோஸ் ஹில்லிலிருந்து காலை மெட்ரோவில் போர்ட் லூயிஸ் வந்து, பதினோரு மணி வரை காத்திருந்தேன். முதல் முறை பல்கலைக்கழகக் கடிதம் கேட்டீர்கள், கொண்டுவந்தேன். அடுத்த முறை அதில் முத்திரை இல்லை என்றீர்கள், முத்திரையோடு வந்தேன். மூன்றாம் முறை கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். இந்த முறை "முடியாது" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாதாம். தைப்பூசத்துக்குள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை வழிகாட்டியிடம் கொடுக்க வேண்டும். அதன் நடுப்பகுதி இன்னும் வெறும் தாள்தான்.

இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களே நடுவர்களை வைத்துத் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் நடுவர் மன்றத்தின் இரகசியம் எதையும் நான் கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டின் பன்னாட்டு நடுவர் தீர்ப்புச் சட்டப்படி நம் நீதிமன்றத்துக்கு வந்து, பொது அமர்வில் விசாரித்து முடிந்த வழக்குகளின் கோப்புகள் போதும். யார் வென்றார் என்பதைத் தீர்ப்பே சொல்லிவிடும். எந்தத் தரப்புக்கு எத்தனை நாள் அவகாசம் கிடைத்தது, யாருடைய பிரமாணப் பத்திரம் தாமதமாக வந்தும் ஏற்கப்பட்டது, வாய்தா ஏன் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கோப்பில்தான் இருக்கும். நடைமுறைச் சட்டத்தை ஆராய்பவளுக்கு அதுதான் மூலம்.

நம்மிடமிருந்து பிரிட்டன் பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகள் பற்றி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25 அன்று 13க்கு 1 என்ற கணக்கில் கருத்துரை வழங்கியது. அதற்காக நம் நாடு எழுதிக் கொடுத்த வாதங்களை இரவில் என் வீட்டு மேசையிலேயே படிக்கிறேன். ஹேக் நகரத்துத் தாள்கள் கைக்கு வருகின்றன, போர்ட் லூயிஸ் தாள்கள் வரவில்லை. முதலீட்டாளர்கள் அரசுகள்மேல் தொடுக்கும் வழக்குகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்ற ஐ.நா. உடன்படிக்கை 2015 மார்ச் 17 அன்று இதே போர்ட் லூயிஸில்தான் கையெழுத்தானது. உலகம் அதை மொரீசியஸ் உடன்படிக்கை என்றே அழைக்கிறது. அந்தப் பெயரால் பெருமைப்பட்டவள் நான், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. நம் பிள்ளைகள் நம் சட்டத்தைப் பற்றி எழுத லண்டனுக்கும் பாரிசுக்கும் போகிறார்கள் என்று வருந்துகிறோமே, இங்கே ஒரு கோப்பைப் புரட்ட விடுகிறோமா?

வேகத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள்க. கோப்பைக் காட்டுங்கள். காட்டக் கூடாத பக்கங்களை எடுத்துவிட்டு மற்றதைக் காட்டினாலும் சரி. மறுப்பதானால் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று தேதியிட்டு எழுதித் தாருங்கள். காரணமில்லாத மறுப்பின்மேல் முறையீடு செய்யக்கூட எனக்கு வழியில்லை.

வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவேன். கோப்பையோ காரணத்தையோ எடுத்து வைத்திருக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சட்ட ஆய்வு மாணவி,
ரோஸ் ஹில், மொரீசியஸ்