அலை பிரிந்த இடம்

செண்டாய், ஜப்பான்
ஜனவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகியும் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். நான் நலம். குளிர்தான் கடுமை, வெளியே காயப்போட்ட துண்டு காலையில் பலகைபோல் விறைத்திருக்கிறது.

தம்பி நாகையில் கடலோரமாக மனை பார்த்திருப்பதைப் படித்ததிலிருந்து, இங்குள்ள ஒரு கோயிலைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். வாகாபயாஷி பகுதியில், கடலிலிருந்து சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிறிய ஷின்டோ (ஜப்பானியரின் மரபுச் சமயம்) கோயில் அது. நாமிவாகே என்ற அதன் பெயருக்கு ‘அலை பிரிந்தது’ என்று பொருள். 1611-இல் வந்த ஆழிப்பேரலையை வெண்குதிரையேறி வந்த கடல் தெய்வம் இரண்டாகப் பிளந்து அடக்கியதாகச் சொல்கிறார்கள். குதிரை என்றதும் நம் எல்லை ஐயனார்தான் நினைவுக்கு வந்தார். 2011 மார்ச் 11 அன்று வந்த ஆழிப்பேரலையின் வெள்ளம் கோயிலுக்குச் சுமார் 2 கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டது. மேடாகப் போட்ட நெடுஞ்சாலை தடுத்ததும் ஒரு காரணம் என்றால், கீழ்வீட்டுப் பாட்டி ஒப்புக்கொள்வதில்லை. கோயிலில் கும்பிடும்போது இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டிய இடத்தில் நான் மூன்றாவதாகவும் தட்டிவிட்டதற்கு முகம் சுளித்தவர், மறுநாள் முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். சாமி தடுத்ததோ இல்லையோ, தண்ணீர் எதுவரை வரும் என்பதை மறக்கவிடாமல் வைத்திருந்தது அந்தப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்நகரத்துக் கோயில்களில் ஜனவரி 14 அன்று புத்தாண்டு அலங்காரங்களையும் பழைய தாயத்துகளையும் நெருப்பிலிடுகிறார்கள். போகி போலவே இருந்தது. நெருப்பருகே நின்றபோது, எங்கேனும் ஒரு பிள்ளை மேளம் தட்டுகிறதா என்று காது தேடிக்கொண்டே இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று அத்தையைத் தேடி நாம் நடந்த வழி தம்பிக்கு நினைவிராது. அப்போது அவன் கைக்குழந்தை. நீர் எதுவரை வந்தது என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அவரை அழைத்துக்கொண்டு போய் மனையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த எல்லைக்குக் கிழக்கே என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மனையைப் பார்க்கும்வரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். என் பங்கைப் பங்குனியில் அனுப்புகிறேன். வங்கியில் ஏதோ படிவ வேலை, வேறொன்றுமில்லை. அம்மாவின் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தங்கள் அன்பு மகன்