மூளையின் உறைகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மூளை பற்றிய உங்கள் சிறப்புக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். நினைவாற்றல், தூக்கம், நரம்பணுக்கள் என்று எல்லாமே நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் மூளையின் உறைகளை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை நகர்ந்துவிட்டது. உயிரியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. தலையில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு டாக்டர் சொல்லும் விளக்கம் இந்த உறைகளை வைத்துத்தான் இருக்கும்.

மூளையைச் சுற்றியிருக்கும் மூன்று உறைகளில் வெளியே இருப்பது டியூரா மேட்டர். தடித்தது, எளிதில் கிழியாது, மண்டையோட்டின் உள்பக்கத்தோடு ஒட்டியிருக்கும். இதன் மடிப்பு ஒன்று வலது, இடது அரைக்கோளங்களுக்கு நடுவே இறங்குகிறது. இன்னொன்று பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையே விரிகிறது. தலை சட்டென்று திரும்பும்போது மூளை அதிகம் ஆடாமல் இவை தடுக்கின்றன. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது, டியூராவுக்குத் தெரியும்.

அதற்கு உள்ளே மெல்லிய அரக்னாய்டு உறை. அதற்கும் உள்ளே, மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி ஒட்டிக்கிடக்கும் பையா மேட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூளைத் தண்டுவடத் திரவம் ஓடுகிறது. பெரியவர் ஒருவருக்கு மொத்தமே சுமார் 150 மில்லிதான் இருக்கும், ஆனால் நாளொன்றுக்கு 500 மில்லி அளவுக்குச் சுரக்கிறது. அதாவது பழையது தொடர்ந்து ரத்தத்தில் கலந்து, புதியது வந்துகொண்டே இருக்கிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்தத் திரவத்தில் மிதப்பதால், 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கிறது. இது இல்லாவிட்டால் மூளையின் அடிப்பகுதி தன் எடையாலேயே நசுங்கும்.

சரி, இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியது. அங்கே எலும்பு உடைந்தால், உள்ளே ஓடும் தமனி கிழிந்து எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே ரத்தம் சேரலாம். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார். 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். சில மணி நேரத்தில் நினைவு தப்பும். உடனே அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்க வைக்கலாம்.

டியூராவுக்குக் கீழே சிரைகளிலிருந்து கசியும் ரத்தம் வேறு விதம். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குவதால் இந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கும், லேசான அடிக்கே கிழியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கசிவு மெதுவாக இருந்தால், விழுந்ததையே வீட்டில் மறந்திருப்பார்கள். வாரங்கள் கழித்துத் தடுமாற்றம், மறதி, ஒரு பக்கம் பலவீனம் தெரியும். 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும், பலருக்கும் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்தாலே தெளிவு திரும்பிவிடும். தவிர்க்கக்கூடிய இந்த இழப்புதான் என்னை எழுத வைத்தது.

அப்புறம், காய்ச்சலோடு கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் உறைகளில் தொற்று இருக்கலாம், மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. இதில் சில வகைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் பழகிப்போன இந்த உறைகளில் இன்னும் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். 2015இல் எலிகளின் டியூராவில், திசுக்களில் சேரும் திரவத்தை வடித்துக்கொண்டு போகும் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. மூளையின் கழிவுகள் வெளியேறும் விதம் பற்றிய ஆராய்ச்சிக்கு அது புது வழி திறந்தது. உங்கள் கட்டுரையில் அதுவும் வந்திருக்கலாம்.

அடுத்த இதழில் அரைப் பக்கமாவது ஒதுக்கி, மூன்று உறைகளையும் எந்த இடைவெளியில் ரத்தம் சேர்ந்தால் என்ன அறிகுறி என்பதையும் ஒரு படமாகப் போடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி, உயிரியல் ஆசிரியை