போர்டை மாற்றும் முன் ஹீட்சிங்கை அசைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை வெயில் ஏறியதும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கக் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோவது வழக்கம். மதர்போர்டு போய்விட்டது என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன், மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் சிப்மேல் உள்ள ஹீட்சிங்கை (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் பழுது பெரும்பாலும் அங்கேதான்.

பெட்டியைத் திறக்காமலும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் பிராசசரின் வெப்பநிலையைக் கவனியுங்கள். 60 டிகிரிக்குள் நிலைத்து நின்றால் நல்லது. சில நிமிடங்களில் 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால், சூடு ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவில்லை. பல பிராசசர்கள் 100 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதையும் தாண்டினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆறியதும் மறுபடி ஓடும்.

இன்டெல் பிராசசரோடு சேர்ந்து வரும் கூலரை (ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்தது) நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்திருக்கின்றன. வெள்ளைக் கால் இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவே கருப்புப் பின் இறங்கும்போது அது விரிந்து போர்டுக்கு அடியில் பூட்டிக்கொள்ளும். பல ஆண்டு சூட்டில் இந்தக் கால் நொறுங்கும். கருப்புத் தலையை அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் பூட்டு விடுபடும். மாட்டும்போது நான்கையும் எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக எதிரெதிர் மூலைகளை 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரே பக்கத்து இரண்டை முதலில் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பிறகு போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: நான்கு கால்களிலும் கருப்புப் பின் தெரிய வேண்டும். போர்டைக் கழற்றி மேசைமேல் தட்டையாக வைத்து அழுத்தாதீர்கள். கால்கள் வெளிவர இடமிருக்காது, போர்டுதான் வளையும்.

ஒருமுறை தூக்கிய ஹீட்சிங்கைப் பழைய தெர்மல் பேஸ்டோடு (பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) திரும்ப வைக்கக் கூடாது. இடையில் காற்று நின்றுவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்தால் போதும். பல் தேய்க்கும் பேஸ்ட் சில நாளில் காய்ந்துபோகும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை பிராசசரே பெயர்ந்து வரும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகைப் பிராசசர்களில் பேஸ்ட் இறுகினாலே அந்த ஆபத்து உண்டு. ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து இணைப்பைக் கழற்றியபின், இடவலமாகத் திருகிப் பிரியுங்கள். நேராக இழுத்தால் அடிக்கம்பிகள் வளையும்.

பழைய கூலரைப் புதிய போர்டில் திணிப்பதும் நடக்கிறது. இன்டெலின் 775 சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடம்) கூலர் பின் இறங்கும் துளைகளின் இடைவெளி 72 மி.மீ.; 1155, 1200-இல் 75; 1700-இல் 78. இந்த 3 மி.மீ. வித்தியாசத்தை வலுவால் சரிக்கட்ட முடியாது.

பழுது பார்க்கப் பெட்டியை டூவீலரில் நிறுத்திவைத்துக் கொண்டுவருவதும் தவறு. பள்ளத்தில் குலுங்கும் ஒவ்வொரு முறையும் ஹீட்சிங்கின் எடை பின்களை இழுக்கும். போர்டு அடியிலும் ஹீட்சிங்க் மேலேயும் இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். முகப்பில் வைத்த கம்ப்யூட்டரில் செம்மண் தூசி ஹீட்சிங்கின் தகடுகளை அடைத்துவிடும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடைந்த பின்னுக்காக முழுக் கூலரையும் வாங்க வேண்டியதில்லை. நான்கு பின் கொண்ட செட் தனியாகவே வருகிறது. நம் பகுதிக் கடைக்காரர்கள் அதை வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்போர்,
காரைக்குடி