கதைக்குள் வராத கால்வே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னது நிம்மதி. அதைச் சாக்காக வைத்து நடையை நிறுத்திவிடாதே. இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். மகள் வேலைக்குக் கிளம்பியதும் அவள் பின்னால் ஓடுவதுதான் எனக்கு உத்தியோகம்.

அப்புறம், ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘தி டெட்’ கதையில் டப்ளின் விருந்துதான் உயிர், கடைசியில் வரும் கால்வே ஒட்டுப்போட்டது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அயர்லாந்தின் மேற்குக் கரையில், அதே கால்வேயில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படி ஒப்புக்கொள்வேன்?

கதையில் யாரும் கால்வேக்குப் போவதில்லை, சரி. ஆனால் விருந்தின் நடுவிலேயே அது நுழைந்துவிடுகிறதே! கணவன் கேப்ரியலுக்கு ஆரன் தீவுகளுக்கு அழைப்பு வந்ததைக் கேட்டதும் க்ரெட்டா துள்ளிக் குதிக்கிறாள், கால்வேயை மறுபடி பார்க்கலாமே என்று. அந்தக் காலத்தில் தீவுகளுக்கு நீராவிப் படகு இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கிளம்பும். வேண்டுமானால் நீ போய்க்கொள் என்று கேப்ரியல் வெடுக்கென்று சொல்கிறான் பார், அங்கேயே முடிச்சு விழுந்துவிட்டது.

சின்ன வயதில் க்ரெட்டாவை விரும்பி இறந்துபோன மைக்கேல் ஃப்யூரி அவள் சன்னலில் சரளைக்கல் எறிந்த வீடு இங்கே நன்ஸ் ஐலண்டில் இருப்பதாகக் கதை. பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தப் பக்கம் போவேன். காரிப் ஆறு ஏரியை விட்டால் ஆறே கிலோமீட்டரில் கடல், அதனால் ஒரே பாய்ச்சல். அதன் கிளைகள் இரைந்துகொண்டு ஓடுகின்றன. இந்த இரைச்சலோடு மழையும் சேர்ந்தால் கல் விழுந்த சத்தம் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று யோசிப்பேன். காத்திருந்தவளுக்குக் கேட்டிருக்கும்.

ஜாய்ஸின் மனைவி நோரா 1884இல் இந்த ஊரில் பிறந்தவர், க்ரெட்டாவைப் போலவே பாட்டியிடம் வளர்ந்தவர். அவரை விரும்பிய மைக்கேல் பாட்கின் 1900இல் காசநோயில் இறந்தான். அவனைப் புதைத்தது பக்கத்திலிருக்கும் ரஹூனில். ஜாய்ஸ் கதையில் ஃப்யூரியின் கல்லறையை ஊக்டரார்டு என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்.

கதையை அவர் இன்றைய இத்தாலியிலுள்ள ட்ரியெஸ்டில் எழுதி முடித்தது 1907இல். கால்வேக்கு முதன்முதலில் வந்ததோ 1909இல்! மனைவி வாயால் கேட்ட ஊர் மட்டும்தான் அவரிடம் இருந்தது. கதை முடிவில், ஓட்டல் அறையில் க்ரெட்டா சொல்லக் கேட்கும் கேப்ரியலுக்கும் அதே கதிதான். 1912இல் ஊக்டரார்டு கல்லறைக்கு சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, நினைத்தபடியே இருக்கிறது என்று தம்பிக்கு எழுதினார். அங்கே ஒரு கல்லில் ‘ஜே. ஜாய்ஸ்’ என்ற பெயரும் இருந்ததாம்!

இனி நீ சொல், ஒட்டுப்போட்டது கால்வேயா, வாத்து வறுவல் விருந்தா? தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முரளி