சாதிக்காய் என்றால் எந்தச் சாதிக்காய்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு கால்பந்துச் செய்தியில், முன்கள வீரர் ஒருவர் தடுப்பாட்டக்காரரை ‘ஜாதிக்காயாக்கி’ முன்னேறினார் என்று அச்சாகியிருந்தது. முதலில் அச்சுப்பிழை என்றே எண்ணினேன். அடுத்த பத்தியிலும் அதே சொல் வந்த பிறகுதான், மூலத்தில் ‘நட்மெக்’ என்று இருந்ததையும், பெயர்த்தவர் அகராதியில் கண்ட முதல் பொருளை அப்படியே எடுத்து வைத்துவிட்டதையும் உணர்ந்தேன். எதிராளியின் இரு கால்களுக்கும் இடையே பந்தைத் தட்டிவிட்டு, அவரைச் சுற்றி ஓடிப்போய் அதே பந்தை மறுபுறம் மீண்டும் எடுத்துக்கொள்ளும் வித்தைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் பல உலவுகின்றன. அவற்றில் ஒன்றும் மொழிபெயர்ப்பவருக்குத் தேவையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதைச் ‘சின்னப் பாலம்’ என்கிறார்கள், ஜெர்மானியர்கள் ‘சுரங்கவழி’ என்கிறார்கள், ஸ்பானியர்கள் ‘குழாய்’ என்கிறார்கள். ஆட்டத்தில் கண்ணால் கண்டதற்கு அவரவர் மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘காலிடுக்கில் பந்தை விட்டெடுத்தார்’ என்று எழுதியிருந்தால் தமிழ் வாசகர் எவருக்கும் ஐயம் எழுந்திராது.

இந்த ஒரு பிழைக்காக மட்டும் நான் கடிதம் எழுத உட்காரவில்லை. அதே வாரத்தில் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் சாதிக்காயைப் பற்றியே ஒரு குறிப்பு வந்தது. அதில் சாதிபத்திரி என்பது சாதிக்காய் மரத்தின் காய்ந்த இலை என்று எழுதப்பட்டிருந்தது. ‘பத்திரி’ என்ற சொல்லைக் கேட்டால் இலை என்று நினைப்பது இயல்புதான். சிலர் அதைப் பூ என்றும் சொல்வார்கள். உண்மையில் அது இலையுமன்று, பூவுமன்று. சாதிப்பழம் முற்றும்போது மஞ்சள் நிறமாகி, தானாகவே நெடுக வெடித்து இரு பாதியாக வாய் பிளக்கும். உள்ளே கருமையும் பழுப்பும் கலந்து பளபளக்கும் ஓடு. அந்த ஓட்டின்மேல், யாரோ கத்தரியால் வெட்டிப் போர்த்தியதுபோல, இரத்தச் சிவப்பில் ஒரு வலை இறுக்கமாகப் பற்றியிருக்கும். அந்த வலையைக் கிழியாமல் உரித்து உலர்த்தினால் சிவப்பு வெளுத்து ஆரஞ்சும் மஞ்சளுமாகி, தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வரும். அதுவே சாதிபத்திரி. ஓட்டோடு விதையைப் பல நாள் உலர்த்தி, குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடும் நிலை வந்த பின் ஓட்டை உடைத்தால் கிடைப்பதே நாம் சாதிக்காய் என்று அழைக்கும் பொருள். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளிர்நிறத்தில் பழுப்பு நரம்புகள் சலவைக்கல்லைப்போல ஓடுவது தெரியும். ஆக, நாம் ‘காய்’ என்பது காயன்று, விதையின் பருப்பு. ஆங்கிலப் பெயரில் உள்ள ‘கொட்டை’யும் தாவரவியல் கணக்கில் கொட்டையன்று. பெயரில் காய் இருப்பதாலேயே ஒன்று காயாகிவிடாது என்பதற்கு மாசிக்காயைவிட நல்ல சான்று இல்லை. அது குளவி இனப் பூச்சி ஒன்று முட்டையிடுவதால் ஒருவகைக் கருவாலி மரத்தில் எழும் வீக்கம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளே இந்த மரத்தின் பிறப்பிடம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1621-ல் அத்தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் அடிமையாக்கியும் இந்த ஒரு பொருளின் வணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. 1667-ல் ஏற்பட்ட பிரெடா உடன்படிக்கையின்படி பாண்டாவைச் சேர்ந்த ருன் என்ற சிறு தீவு டச்சுக்காரர்களிடமும், இன்று நியூயார்க்கின் நடுப்பகுதியாக இருக்கும் மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களிடமும் நின்றன. சாதிக்காய்க்கு அன்று இருந்த மதிப்பு அத்தகையது. அந்தக் காலத்தைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள்: பத்திரிக்கு விலை ஏறியிருப்பதைக் கண்ட ஆம்ஸ்டர்டாம் அதிகாரி ஒருவர், சாதிக்காய் மரங்களை வெட்டிவிட்டுப் பத்திரி மரங்களை நடுமாறு தீவுக்கு ஆணை அனுப்பினாராம். இரண்டும் ஒரே பழத்துக்குள் இருப்பவை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். கதை மெய்யோ பொய்யோ, தங்கள் நலவாழ்வுப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அவர் நினைவே வந்தது.

தமிழிலேயே இந்தச் சொல் எத்தனை வேடம் போடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வடமொழியில் ‘ஜாதி’ என்பது பிறப்பையும் இனத்தையும் குறிப்பதோடு, ஒரு மல்லிகை வகைக்கும் இந்த வாசப் பொருளுக்கும் பெயராக வழங்கியது. அதனால்தான் நம்மிடம் சாதிமல்லியும் உண்டு, சாதிக்காயும் உண்டு. மலையாளத்தில் ஜாதிக்க, கன்னடத்தில் ஜாஜிகாயி, இந்தியில் ஜாய்ஃபல், சிங்களத்தில் சாதிக்கா என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் அதே பெயர் உருமாறி நடமாடுகிறது. தாம்பூலத்தோடு சேரும் ஐவகை வாசப் பொருள்களுள் ஒன்றாகப் பழைய உரைகள் இதைச் சொல்லும்போது வெறுமனே ‘சாதி’ என்றே குறிப்பதுண்டு. அதைப் படித்துத் திகைத்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். சாதிக்குதிரை என்றால் உயர்ந்த இனக் குதிரை. சாதிலிங்கம் என்றால் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறத் தாது. அதற்கும் நம் காய்க்கும் தொடர்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் சிரிக்கவைத்தது ஜாதிக்காய்ப் பெட்டி. எங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடக்கிறது: மெல்லிய வெளிர்நிறப் பலகை, மூலைகளில் துருவேறிய ஆணிகள், உள்ளே ஒட்டிய பழைய செய்தித்தாள், விரலால் தட்டினால் டொக்கென்ற சத்தம். சரக்குகளை அடைத்து அனுப்பப் பயன்பட்ட பைன் போன்ற மலிவான மரப் பலகைக்கு நம்மவர்கள் ஜாதிக்காய்ப் பலகை என்று பெயரிட்டிருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் என் பேரன் பழைய சிறுகதை ஒன்றில் ‘ஜாதிக்காய்ப் பெட்டி’ என்று படித்துவிட்டு, கதாநாயகன் ஏன் இவ்வளவு சாதிக்காயைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று கேட்டான். பரணைக் காட்டினேன், ஏறிப்போய் மோந்து பார்த்துவிட்டு, வாசனையே இல்லையே என்று இறங்கினான். நாளை அந்தக் கதையை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் ‘நட்மெக்’ என்று போட்டால், தங்கள் விளையாட்டுச் செய்தியின் பிழை அப்படியே திரும்பி நடந்ததாகிவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குச் ‘சாதிக்காய் மாநிலம்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. அங்கே சாதிக்காய் விளைவதில்லை. அவ்வூர் நடைவியாபாரிகள் மரத்தில் செதுக்கிய போலிக் காய்களை விற்றதாக எழுந்த கேலியே அப்பெயருக்குக் காரணம் என்பார்கள். கலிபோர்னியாவின் ‘நட்மெக்’ ஓர் ஊசியிலை மரம். ஆங்கிலத்தில் ‘நட்மெக் பூ’ என்று எழுதியிருந்தால் அது நம் கருஞ்சீரகமாகவும் இருக்கலாம். பத்திரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மேஸ்’ என்ற சொல்லோ கதாயுதத்துக்கும் பொது. சமையல் குறிப்பில் கதாயுதம் நுழையாத வரை நாம் பிழைத்தோம்.

எழுத்து வடிவத்தைப் பற்றி எனக்குப் பிணக்கில்லை. சாதிக்காய் என்றாலும் ஜாதிக்காய் என்றாலும் சரியே. ஒரே கட்டுரையில் இரண்டும் மாறி மாறி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் நலவாழ்வுக் குறிப்பின் கடைசி வரியை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. நல்ல உறக்கத்துக்கு ‘ஒரு சாதிக்காயைப் பொடித்து’ப் பாலில் கலந்து குடிக்கலாம் என்று அதில் இருக்கிறது. மூலத்தில் ஒரு சிட்டிகை என்றோ ஒரு துருவல் என்றோ இருந்திருக்க வேண்டும். சாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் உள்ளது. சிட்டிகை அளவில் வாசனை தரும் அதே காய், ஏறத்தாழ 5 கிராமும் அதற்கு மேலும் உள்ளே போனால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம், இல்லாததைக் காணும் மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். அவை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். முழுக்காய் ஒன்றே அந்த அளவை எட்டிவிடும். கால்பந்துச் செய்தியையும் பத்திரி இலையையும் தாங்கள் விரும்பும்போது திருத்திக்கொள்ளலாம். இந்த ஒரு வரிக்கான திருத்தத்தை மட்டும், குறிப்பு வெளிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நாளைய இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்