சுதைக்குள் இருந்த புத்தர்

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். பாங்காக்கில் வேலை முடிந்து நான்கு நாள் கையில் இருக்கிறது என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். போன வருடம் நாங்கள் போன டூரில் நகைக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பார்க்க வேண்டியதையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். அந்த ஆற்றாமை இன்னும் எனக்குத் தீரவில்லை.

முதலில் சைனா டவுன் பக்கம் இருக்கும் திரைமித் கோயிலுக்குப் போ. உள்ளே இருக்கும் தங்க புத்தர் ஐந்தரை டன் எடை. எல்லோரும் அந்தப் பளபளப்போடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இத்தனை தங்கமும் 20 வருடம் தகரக் கொட்டகையில் கிடந்தது என்றால் நம்புவாயா? அப்போது அது வெளியே வெறும் சுதைச் சிலை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1955இல் புதுக் கட்டடத்துக்குத் தூக்கும்போது கயிறு அறுந்து விழுந்தது. சுதை ஓரிடத்தில் பெயர்ந்தது. உள்ளே மஞ்சளாக மின்னியது. 1767இல் பர்மியப் படை அயுத்தயா தலைநகரை எரித்துச் சூறையாடியதே, அதற்கு முன் கொள்ளைக்குப் பயந்து யாரோ பூசி மறைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். மறைத்தவர்கள் அந்த ரகசியத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போல. சிலையை ஒன்பது பாகமாகக் கழற்றலாம், அதற்கான சாவியும் சுதைக்குள்ளேயே இருந்ததாம். உன் கொள்ளுப்பாட்டி கம்மலை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு மறந்த கதைதான் எனக்கு நினைவு வந்தது.

அப்புறம் ராட்சத ஊஞ்சல். நல்ல உயரத்துக்குச் சிவப்புத் தேக்குத் தூண்கள் நிற்கும், பலகை இருக்காது. தாய்லாந்து அரசர் முதலாம் ராமா 1784இல் நிறுவியது. இப்போது நிற்கும் மரங்கள் 2007இல் மாற்றியவை. முன்பெல்லாம் மார்கழி, தை வாக்கில் நடக்கும் விழாவில் இதில் ஆகாயத்துக்கு வீசி ஆடி, உயரமான மூங்கிலில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்து உயிர் போனவர்களும் உண்டு. 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பக்கத்திலுள்ள தேவஸ்தான் என்ற இந்துக் கோயிலில் வழிபாடு இன்றும் நடக்கிறது. விழாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்: த்ரியம்பவாய், த்ரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்! அங்குள்ள அரண்மனை அந்தணர்கள் நம் தமிழ்ப் பதிகங்களை உச்சரிப்பு திரிந்து, பொருள் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாக ஓதி வந்திருக்கிறார்கள். விடியற்காலையில் உன்னை எழுப்பிப் பாட வைத்தபோது எத்தனை அழுகை அழுதாய்! மாணிக்கவாசகரின் பொன்னூசல் பாட்டில் ஊஞ்சலுக்குப் பவளக்கால் வருமே, பஸ் ஜன்னலில் அந்தச் சிவப்புத் தூணைப் பார்த்ததும் அதுதான் தோன்றியது. இது என் கற்பனை, சரித்திரம் இல்லை.

அயுத்தயாவில் அரச மரத்து வேருக்குள் சிக்கிய புத்தர் தலை இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கக் கூடாது. உன் தலை அவர் தலைக்கு மேலே போகாதபடி குந்தி உட்கார வேண்டும்.

ஒரு நாளைக் காஞ்சனபுரிக்கு வைத்துக்கொள். தோன்புரி ஸ்டேஷனிலிருந்து ரயில் உண்டு. கூட்டமெல்லாம் குவாய் நதிப் பாலத்தைப் பார்க்கத்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் பாலம் கட்டியபோது அந்த ஆற்றின் பெயர் மே குலோங். ஓர் ஆங்கிலப் படம் வந்த பிறகு குவாய் எங்கே என்று வெளிநாட்டார் தேடி வரவும், 1960 வாக்கில் ஆற்றுக்கே பெயரை மாற்றிவிட்டார்கள். பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவில் நேராக இருப்பவை குண்டு விழுந்த பிறகு வைத்தவை.

சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். போர்க் கைதிகளையும் கூலிகளையும் சாகச் சாக வேலை வாங்கிப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில்தான் அந்தப் பாலம் இருக்கிறது, பாதை மொத்தம் 415 கிலோமீட்டர். ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 போர்க் கைதிகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், புல்லைக்கூட அளந்து வெட்டியது போலிருக்கும். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன நம் ஆட்களின் பெயர் அங்கே இல்லை. அவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உன் தாத்தாவின் சித்தப்பா மலாயாவில் தைப்பிங் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போனவர். 1943க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. அவர் சயாமுக்குத்தான் போனாரா என்று உறுதியாகச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. டூரில் அந்தப் பாலத்தில் எங்களுக்குக் கொடுத்தது 20 நிமிடம். நான் பூ வாங்கிக்கொண்டு வருவதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டான்.

மல்லிகை மாலை அங்கே தெருவிலேயே விற்பார்கள். ஒன்று வாங்கி ஆற்றில் விடு.

அம்மா

பி.கு.: பால் பாக்கெட்டில் 2500க்கு மேல் வருடம் போட்டிருக்கும், பயப்படாதே. அது புத்த வருடம், 543 கழித்துக்கொள். சைவச் சாப்பாட்டுக்கு 'ஜே' என்று கேள், இல்லாவிட்டால் எதிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள்.