ஒராங் அஸ்லி மக்கள் மீது ஏன் இந்தப் பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் பற்றி வந்த கட்டுரையைப் படித்து மனம் கொதித்துப்போனேன். மலேசியாவின் கேமரன் மலைக் காட்டில், அங்குள்ள பூர்வகுடிகளான ஒராங் அஸ்லிக்காரர்கள் அவரை ஊதுகுழல் அம்பால் கொன்று புதைத்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யார் பார்த்தது? எந்த நீதிமன்றம் சொன்னது? 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில் மூன்லைட் பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவில்லை. அவருடைய சிகரெட் பங்களாவிலேயே கிடந்தது. அவருடையதுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எதுவும் காட்டில் கிடைக்கவில்லை. 1974இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள், அவ்வளவுதான். உடலே கிடைக்காத விஷயத்தில் கொலைகாரர் இன்னார் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது ஐயா? வதந்திகள் எத்தனையோ உண்டு. புலி அடித்தது என்பார்கள், லாரி மோதியது என்பார்கள், போர்க்காலத்தில் உளவுத்துறையில் இருந்தவர் என்பதால் கடத்தல் என்றும் சொல்வார்கள். அத்தனையிலும் திருப்பிக் கேட்க ஆளில்லாதவர்கள் மேல் விழுகிற ஒன்றைத்தானே எடுத்துக்கொண்டீர்கள்!

நான் பிறந்து வளர்ந்தது அந்த மலையில். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். போலீசாரும் படைவீரர்களும் நூற்றுக்கணக்கில் வந்து காட்டைச் சல்லடை போட்டபோது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அவர்களோடு வழி கண்டு நடந்தவர்களில் ஒராங் அஸ்லியும் இருந்தார்கள். இதை ஏன் எழுதவில்லை? எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் விறகுக்குப் போய் வழி தவறியபோது, மறுநாள் அவரைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுவந்து விட்டவர்களும் அவர்கள்தான். அவருக்காக ஒரு போலீஸ்காரர்கூட வரவில்லை. அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கவில்லை என்று தோட்டத்தில் அவருடைய கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

தாம்சன்தான் தாய்லாந்து மக்களுக்குப் பட்டு நெய்யக் கற்றுக்கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் டெலவேரில் பிறந்து, கட்டடக் கலைஞராக இருந்து, 1945இல் பாங்காக் வந்தவருக்கு யார் ஐயா நெசவு கற்பித்தார்கள்? சேன்சேப் கால்வாய்க் கரையில் பான் குருவா என்ற குடியிருப்பு. அங்கே சாம் என்ற இனத்து முஸ்லிம் குடும்பங்கள் அவர் வருவதற்கு முன்பே வீட்டில் தறி போட்டு நெய்துகொண்டிருந்தன. அவர் 1948இல் கம்பெனி தொடங்கி, வெளுக்காத சாயம் கொண்டுவந்தார், நியூயார்க்கில் சந்தை பிடித்தார், நல்ல ரசனையோடு நிறம் சேர்த்தார். அந்தப் பெருமை அவருக்கு உரியது, நான் மறுக்கவில்லை. ஆறு பழைய தேக்கு வீடுகளைச் சேர்த்துக் கட்டிய அவருடைய வீட்டுப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டீர்களே, கால்வாய்க்கு எதிர்க்கரையில் நெய்தவர்களுக்கு ஒரு வரி இல்லையா? பின்னாளில் விரைவுச்சாலைக்காகத் தங்கள் குடியிருப்பைப் பறிக்க வந்தபோது அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

கொலையைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால், அதே 1967 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தாம்சனுடைய அக்கா தம் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு இன்னும் துலங்கவில்லை. உண்மையில் நடந்த அந்தக் கொலை உங்கள் கட்டுரையில் இல்லவே இல்லை.

உங்கள் பத்திரிகைக்கு எங்கள் மலை என்றால் எப்போதும் ஸ்ட்ராபெரியும் பனியும்தான். 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனபோதுகூட நீங்கள் முதலில் போட்டது காய்கறி விலையை. அப்போது வருத்தத்தோடு எழுதிய கடிதத்தை வெளியிடவில்லை. காய்கறித் தோட்டங்களுக்காகக் காடு அழிவது பற்றி எழுதியதற்கும் பதில் இல்லை. அப்பா வாங்கிய பத்திரிகை என்பதால் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், ஜிம் தாம்சன் கொல்லப்பட்டதற்கோ அதில் ஒராங் அஸ்லிக்குத் தொடர்பு இருப்பதற்கோ ஆதாரம் இல்லை என்று இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்றால் என் குடும்பத்தைப் பற்றிய வரிகளை வெட்டிக்கொள்ளலாம். ஒராங் அஸ்லி பற்றிய வரிகளில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தாப்பா, பேராக்